நாற்பத்து மூன்று வரிகள்

கட்டட வரைபடங்களைப் பெரிய தாளில் அச்சடித்துக் கொடுக்கும் கடையில் எனக்கு வேலை. கீழே இரண்டு ப்ளாட்டர்கள், ஒரு ஸ்கேனர், சுவர் முழுவதும் சுருள் செருகும் ரேக். மாடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எதிரெதிராக இரண்டு மேசைகள். ஒன்றில் நான், மற்றதில் அவர். ஐந்து வருடமாக நான் தலை நிமிர்ந்தால் முதலில் தெரிவது அவர் முகம்தான். அவரைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவே.

நாற்பத்திரண்டு வயது. சட்டைப் பையில் பேனா வைத்துக்கொள்ள மாட்டார், பென்சில்தான். கூடவே ஒரு சிறிய எஃகு அளவுகோல். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். கோபம் வந்தால் மேசையைத் துடைக்க ஆரம்பிப்பார். அவர் மேசை பளபளவென்று இருந்தால் அன்றைக்கு யாரோ வாங்கிக்கட்டிக்கொள்ளாமல் தப்பித்திருக்கிறார்கள் என்று பொருள்.

வாடிக்கையாளர்கள் அவரைச் சாவிக்காரர் என்பார்கள். ஒரு காலத்தில் பாதி எஞ்சினியர்கள் ஒரே வரைபட மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அந்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. கோப்புகள் மட்டும் மிஞ்சின. கட்டடம் நிற்கிறது, ஆனால் சுவருக்குள் எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது யாராலும் திறக்க முடியாத ஒரு கோப்புக்குள் கிடக்கிறது. அந்தக் கோப்புகளை அவர் எண்களாக விரித்து, எந்த எண் கோடு, எந்த எண் வட்டம், எந்த எண் எழுத்து என்று மூன்று வருடம் பென்சிலால் குறித்துக் குறித்துக் கண்டுபிடித்தார். கல்லூரிப் படிப்பை முதல் வருடத்திலேயே விட்டவர். இந்தக் கடைக்குத் தாள் வெட்டத்தான் வந்தார்.

கண்டுபிடித்ததை ஒரு நிரல் நூலகமாக எழுதினார். நூலகம் என்றதும் புத்தக அலமாரியை நினைக்க வேண்டாம். மற்ற மென்பொருள்கள் தங்களுக்குள் பொருத்திக்கொள்ளும் உதிரிபாகம் அது. யாரும் எடுக்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தார். முதலாளிக்கு அது கடைசிவரை புரியவில்லை.

"சும்மாவா குடுக்குறீங்க?"

"சும்மாதான்."

"யாராச்சும் திட்டுறாங்களா?"

"தினமும் ஒருத்தர்."

"அப்ப சரி. கடை மாதிரிதான்."

பதினைந்து வருடத்தில் அது எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. மின்னஞ்சலில் வரும் இணைப்புகளைச் சோதிக்கும் மென்பொருள்களில், நகராட்சிகளின் ஆவண அறைகளில், பார்த்திராத நாடுகளின் கணினிகளில். யார் யாரோ திருத்தங்கள் அனுப்பினார்கள். அவற்றை அவர் ஏற்கும் விதம்தான் தனி. வந்த வரிகளை, வீணாய்ப்போன வரைபடத் தாளின் வெற்றுப் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடிப்பார். அளவுகோலை ஒரு வரிக்குக் கீழே வைப்பார். அந்த வரி முழுக்கப் புரிந்த பிறகுதான் அளவுகோல் கீழே இறங்கும். சில நாள் மத்தியானம் முழுக்க அது ஒரே இடத்தில் நிற்கும். ஓர் எண் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று ஒருவரை ஒரு வாரம் காத்திருக்க வைத்திருக்கிறார். எங்கோ இருக்கும் ஒரு பேராசிரியர் அவருக்கு எழுதினார்: "உங்களிடம் தேறுவது என் மாமியாரிடம் தேறுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது." அதை அச்சடித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார்.

அவருக்கு ஒரு தம்பி. அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்கு ஏழு. படிப்பை விட்டது அதனால்தான். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் எல்லாம் இவர் பெயர்தான் இருக்கும். தம்பிக்குக் கணக்கு வரவில்லை என்று ஆசிரியர் கூப்பிட்டனுப்பினால், அரை நாள் லீவு போட்டுவிட்டு, தாள் வெட்டிய தூசி சட்டையோடு போய், குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பார். இதெல்லாம் அண்ணி சொன்னது. அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். "எனக்குக் கல்யாணம் ஆனப்பவே பதிமூணு வயசுப் புள்ளையோடதான் இவரு வந்தாரு" என்று சொல்லிச் சிரிப்பார் அண்ணி. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதை யாரும் பேசியதில்லை, பேசத் தேவையும் வந்ததில்லை.

தம்பி வெளியூர்க் கல்லூரியில் கணினி படிக்கப் போனான். இரண்டாம் வருடம் இரண்டு பாடங்களில் தேறவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பேச்சில்லை, சாப்பாடில்லை. ஐந்தாம் நாள் அண்ணன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு வேலை முடியல, செஞ்சு தர்றியா?" என்று கேட்டார். வரைபடத்தில் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு பெயர் இருக்கும். சுவர், கதவு, குழாய், மின்கம்பி என்று. அந்தப் பெயர்களைப் படிக்கும் பகுதியை அவர் எழுதாமல் விட்டு வைத்திருந்தார். உண்மையாகவே விட்டு வைத்திருந்தாரா, தம்பிக்காக எடுத்து வைத்தாரா என்று நான் கேட்டதில்லை.

தம்பி மூன்று நாளில் எழுதி முடித்தான். நாற்பத்து மூன்று வரிகள். அனுப்பினான். அண்ணன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஒரு பென்சில் கோடும் போடவில்லை. சேர்த்துக்கொண்டார். அன்று மாலை தம்பி இரண்டு தட்டு சாப்பிட்டதாக அண்ணி சொல்வார்.

அவன் தேறினான். வேலைக்குப் போனான். கல்யாணம் ஆயிற்று. மென்பொருள்களில் ஓட்டை இருக்கிறதா என்று தேடிச் சொல்லும் நிறுவனம் ஒன்றில், வேறொரு நகரத்தில், நல்ல பெயர் எடுத்தான்.

அந்த மின்னஞ்சல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி டீ வருவதற்குச் சற்று முன்னால். முன்பின் தெரியாத ஓர் ஆராய்ச்சியாளர் எழுதியிருந்தார். மிகவும் மரியாதையான கடிதம். உங்கள் நூலகத்தில் ஒரு நினைவகப் பிழை இருக்கிறது, சான்றுக்கு ஒரு கோப்பு இணைத்திருக்கிறேன், திருத்த தொண்ணூறு நாள் அவகாசம் தருகிறேன், அதற்குப் பிறகு எல்லோரும் அறிய வெளியிடுவேன். இந்தத் துறையில் அதுதான் முறை.

இதற்கென்று தனியாக வைத்திருந்த பழைய கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தார். திரை அப்படியே செத்தது.

எனக்குப் புரிய வேண்டும் என்று ரேக்கைக் காட்டிச் சொன்னார். "இந்த ரேக்ல அறுபத்து நாலு ஓட்டைன்னு வெச்சுக்க. வர்றவர்கிட்ட எத்தன சுருள்னு கேக்குறோம். அவர் ஆயிரம்னு சொல்றாரு. நாம எண்ணிப் பாக்காம, சரி செருகுங்கன்னு விட்டுடுறோம். அறுபத்து நாலு முடிஞ்சதும் அவர் பக்கத்து அலமாரில செருகுவாரு, அதுக்கப்புறம் முதலாளி டிராயர்ல. கெட்ட எண்ணத்தோட வர்றவனா இருந்தா, டிராயர்ல இன்னிக்கு என்னென்ன வேலன்னு எழுதி வெச்சிருக்குற நம்ம சீட்ட எடுத்துட்டு அவன் சீட்ட வெச்சுட்டுப் போவான். நாளைக்குக் கடை அவன் சொன்னபடி நடக்கும்."

"பெரிய ஓட்டையாண்ணே?"

"பெருசுதான். அடைக்கிறது சின்ன வேல. அறுபத்து நாலுக்கு மேலன்னா வாங்காதேன்னு மூணு வரி."

ஒரு மணி நேரத்தில் மூன்று வரியும் எழுதி முடித்தார். அதன் பிறகுதான் அந்த வரிகளின் வரலாற்றைத் திறந்தார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று கணினி காட்டும். எதிர் மேசையிலிருந்து எனக்குத் திரை தெரியாது, அவர் முகம்தான் தெரியும். டீ வந்தது. ஆறியது. அவர் மேசையைத் துடைக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி எழுதினது" என்றார்.

ஆராய்ச்சியாளர் அனுப்பியிருந்த அறிக்கையின் வரைவில் கடைசிப் பத்தி, இந்தப் பிழை எந்தத் தேதியில், எந்த மாற்றத்தோடு உள்ளே வந்தது என்பதைச் சொல்லியது. அந்த மாற்றத்தை யார் திறந்து பார்த்தாலும் தம்பியின் பெயர் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டில் இருந்தேன். கடையிலிருந்து ஒரு மானிட்டரைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனவனை, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அண்ணி உட்கார வைத்துவிட்டார். பத்து மணிக்குத் தம்பியின் போன் வந்தது. ஞாயிறு பத்து மணி என்பது அந்த வீட்டில் கடிகாரம் பார்க்கத் தேவையில்லாத நேரம். அண்ணிக்கும் கேட்கட்டும் என்று அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னண்ணே, இன்னும் உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்டா. நீ?"

"எனக்கு ஆபீஸ்ல ஒரு டீமே குடுக்கப் போறாங்க. அடுத்தவன் எழுதுனதப் படிச்சு ஓட்ட கண்டுபிடிக்கிற டீம். நான்தான் அதுக்குப் பெரிய ஆளு."

சமையலறையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார். "பெரிய ஆளானதும் எங்கள எல்லாம் கண்ணுக்குத் தெரியுமா தம்பி?"

"உங்கள மறந்தா எனக்கு யாரு அண்ணி சோறு போடுவா? என் பொண்டாட்டி வெக்கிற சோத்த நீங்க பாத்ததில்லையே."

"எனக்குக் காது கேக்குது" என்று பின்னால் ஒரு பெண் குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். இவர் தோளும் குலுங்கியது.

"அண்ணே, இன்டர்வியூல ஒரு அம்மா கேட்டாங்க, உனக்கு இந்த வேலையக் கத்துக் குடுத்தது யாருன்னு. எங்க அண்ணன்னு சொன்னேன். அவரு எல்லாரோடதையும் கிழிச்சுத் தொங்க விடுவாரு, நான் மொத மொத எழுதுனத மட்டும் ஒரு கோடு கூடப் போடாம எடுத்துக்கிட்டாரு, அதுக்கு மேல எனக்கு எந்த சர்டிபிகேட்டும் வேணாம்னு சொன்னேன். அந்த அம்மா எழுதி வெச்சுக்கிட்டாங்கண்ணே."

இவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். பிறகு, "நல்லா சாப்பிடு. வெயில்ல அலையாத" என்றார்.

போனை வைத்ததும் அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"சொல்லிடுங்க."

"இப்ப வேணாம். சந்தோஷமா இருக்கான்."

"அவன் ஒண்ணும் இப்ப பத்தொன்பது வயசுப் புள்ள இல்ல."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியல உங்களுக்கு" என்றார் அண்ணி.

மறுநாள், திங்கட்கிழமை, டீ குடிக்கும்போது அவர் என்னிடம் கேட்டார்.

"பழைய வரலாற்றுல ஒருத்தர் பேர எடுத்துட்டு என் பேரப் போட்டா யாராச்சும் பாப்பாங்களா?"

எனக்கு அவர் அளவுக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கைரேகை போல ஓர் எண் உண்டு. அந்த எண், தனக்கு முன்னால் வந்த எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து உண்டாவது. பதினொரு வருடத்துக்கு முந்தைய ஒரு பெயரைத் தொட்டால் அன்றிலிருந்து இன்றுவரை உள்ள அத்தனை எண்ணும் மாறிவிடும். உலகத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளில் பழைய பிரதி அப்படியே இருக்கிறது. இது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். வேண்டாம் என்று யாராவது சொல்லட்டும் என்றுதான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அவர் என்னைவிட மூத்தவர், அது அவர் தம்பி விஷயம்.

"நீங்க பாத்துச் செய்ங்கண்ணே" என்றேன்.

அவர் பார்த்துச் செய்தார். எண்கள் மாறும் என்று தெரியாமல் செய்யவில்லை. உபயோகத்தில் இல்லாத பழைய மின்னஞ்சல் முகவரிகளை இப்படி எப்போதாவது சுத்தம் செய்வது உண்டு. அந்தச் சாக்கில் பத்துப் பன்னிரண்டு பெயர்களுக்கு நடுவே தம்பியின் பெயரையும் மாற்றி, அந்த இடத்தில் தன் பெயரைப் போட்டார். "பழைய முகவரிகளைச் சுத்தம் செய்திருக்கிறேன்" என்று ஒரு குறிப்பும் எழுதினார். ஓட்டையை அடைத்த மூன்று வரிகளையும் அதோடு வெளியிட்டார். என்றோ ஒருநாள் யாராவது கேட்டால், ஆமாம், என் தவறுதான் என்று சொல்லிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்குள் முதல் கேள்வி வந்துவிட்டது. எங்கள் பிரதியும் உங்கள் பிரதியும் ஒத்துப்போகவில்லை, ஏன்? பிறகு பத்து, பிறகு நூறு. யாரோ பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்துப் போட்டார்கள். பெரிய ஓட்டை ஒன்று வெளியே தெரியும் வாரத்தில், அந்த ஓட்டையை எழுதியவரின் பெயரை நிர்வகிப்பவரே அழித்திருக்கிறார். அழிக்கப்பட்டவர் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை செய்பவர். இருவர் பெயருக்குப் பின்னாலும் ஒரே அப்பா பெயர். பதினொரு வருடம் அண்ணன் தம்பி இருவரும் தெரிந்தே திறந்து வைத்திருந்த பின்கதவு இது என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே முந்நூறு பேர் ஆமோதித்தார்கள். ஆராய்ச்சியாளர் மட்டும் அதே மரியாதையோடு கேட்டிருந்தார்: "நான் என் அறிக்கையில் குறித்த மாற்றம் இப்போது உங்கள் பக்கத்தில் இல்லை. விளக்க முடியுமா?"

அவர் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி போன் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை நேராக வந்து நின்றான். கீழே முதலாளி, "வாங்க வாங்க, அண்ணனுக்கு மேல வளந்துட்டீங்களே, சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க?" என்று கேட்டதும், "சும்மா அப்படியே வந்தேன் சார்" என்று அவன் சிரித்துப் பதில் சொன்னதும் மாடிக்குக் கேட்டது. மேலே வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. தோளில் பயணப்பை இருந்தது. கதவுக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் நின்றான். எழுந்து வெளியே போக எனக்கு வழியில்லை.

"உக்காரு. டீ சொல்லட்டுமா?"

"வேணாம்."

"காலைல ஏதாச்சும் சாப்டியா?"

"அண்ணே, அத விடு." கொஞ்ச நேரம் அளவுகோலையும் பென்சிலையும் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு ஏன் ஒரு போன் பண்ணல?"

"நீ சந்தோஷமா இருந்த."

"பத்தொன்பது வயசுல எழுதுனதுண்ணே. இந்தத் தப்பப் பண்ணாத ஆளே இந்தத் தொழில்ல கிடையாது. எங்க மேனேஜரே பண்ணிருக்காரு, பார்ட்டில அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நானும் எழுதிருப்பேன். ஆமா, நான்தான், சின்ன வயசு, மன்னிச்சுக்கங்கன்னு ஒரே ஒரு வரி. ரெண்டு நாள்ல மறந்திருப்பாங்க." குரல் உயரவில்லை. "இப்ப ஆபீஸ்ல ரெண்டு பேரு என்னை உக்கார வெச்சுக் கேக்குறாங்க. உங்க அண்ணன் மாத்தப் போறது முன்னாடியே தெரியுமா, எப்பப் பேசுனீங்க, என்ன பேசுனீங்க. ஞாயித்துக்கிழம பேசுனோம்னு சொன்னேன். என்ன பேசுனீங்கன்னாங்க. வெயில்ல அலையாதன்னு சொன்னாருன்னேன். தலையாட்டி எழுதிக்கிட்டாங்க."

"நான் வந்து சொல்றேன். உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு."

"சுத்தம் பண்ணேன்னு எழுதுன ஆளு நீ. நீ சொன்னா யாருண்ணே நம்புவா?"

தம்பி பையை இறக்கித் தரையில் வைத்தான். உட்காருவான் என்று நினைத்தேன். உட்காரவில்லை.

"பேர மாத்துனதுகூடப் பரவால்லண்ணே. எனக்காகத்தான் நீ செஞ்சன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பழைய பிரதிய எடுத்து நானும் பாத்தேன். நான் அனுப்புனது நாலு பத்துக்கு. நீ சேத்தது நாலு பதினாலுக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாலு நிமிஷம். நீ யாரோடதையும் நாலு நிமிஷத்துல படிச்சதில்ல. படிச்சியா?"

கீழே ப்ளாட்டர் ஒரு தாளை முடித்து வெட்டியது.

"படிக்கல."

"ஏன்?"

"ஃபெயிலாகி வந்து கெடந்த. அஞ்சு நாளா சாப்பிடல. படிச்சா ஏதாச்சும் தப்பு தெரியும். தெரிஞ்சா சொல்லணும். சொன்னா நீ திரும்பிப் படுத்துடுவியோன்னு." நிறுத்தினார். "அப்புறம் பாத்துக்கலாம்னு சேத்துட்டேன்."

"பதினோரு வருஷத்துல ஒருநாள் கூடவா?"

"அப்புறம் பாக்க பயமா இருந்துச்சு."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. "நான் அத வெச்சுத்தாண்ணே இத்தன வருஷம் நடந்துக்கிட்டிருந்தேன்" என்றான். "எவன் என்ன சொன்னாலும், எங்கண்ணன் படிச்சுப் பாத்து சரின்னு சொன்னாருன்னு. நீ படிக்கவே இல்ல. பாவம்னு சேத்திருக்க."

"பாவம்னு இல்லடா."

"வேற என்ன?"

அவர் தேடினார். பதினைந்து வருடம் ஊரார் எழுதியதில் ஒவ்வொரு குறிக்கும் பொருள் சொன்ன மனிதர், ஒரு வார்த்தையைத் தேடி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிடைக்கவில்லை.

"அண்ணி சமைச்சிருப்பா. வீட்டுக்குப் போயி ஒரு வாய் சாப்பிட்டுட்டு..."

"இன்னொரு நாள் வர்றேன்."

பையை எடுத்துக்கொண்டான். என்னைத் தாண்டும்போது, "வர்றேன் பிரதர்" என்று என்னிடமும் சொல்லிக்கொண்டான். அந்த வீட்டு வளர்ப்பு அப்படி.

அன்றே அவர் எல்லோருக்கும் நடந்ததை நடந்தபடி எழுதினார். பழைய வரலாற்றை அப்படியே திரும்ப வைத்தார், தம்பியின் பெயரோடு. தம்பிக்கு எதுவும் தெரியாது, நான் படிக்காமல் சேர்த்தேன், பிறகு மறைக்கப் பார்த்தேன் என்று எழுதினார். சிலர் நம்பினார்கள். "அண்ணன்கள் இப்படித்தான்" என்று யாரோ ஒருவர் எழுதியிருந்தார், அந்த ஒரு வரியை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வரலாற்றில் கை வைத்தவரிடம் நூலகத்தின் சாவியை விட்டு வைக்க முடியாது. கேட்டார்கள், கொடுத்துவிட்டார். இப்போது நூலகத்தை வேறு நால்வர் நடத்துகிறார்கள். மாமியார் என்று எழுதிய பேராசிரியர் அதில் ஒருவர்.

தம்பிக்கு வேலை போகவில்லை. அந்த டீம் வேறொருவருக்குப் போயிற்று. மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்க்கும் வேலையிலிருந்து அவனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் நின்றுபோனது. அண்ணி கூப்பிட்டால் எடுப்பான். முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மாத்திரை போட்டீர்களா என்று கேட்பான். இரண்டு நிமிடம். அண்ணி மறைத்து வைக்கத் தெரியாதவர். "உங்களக் கேக்கல" என்று வந்து சொல்வார். "கேக்க மாட்டான்" என்பார் இவர்.

ஏழு மாதம் கழித்து, போன மாதம், நூலகத்தின் பக்கத்தில் ஒரு புதிய மாற்றம் வந்திருந்தது. அடுக்குகளின் பெயர்களைப் படிக்கும் பகுதியை முழுவதும் அழித்துவிட்டு யாரோ புதிதாக எழுதியிருந்தார்கள். அனுப்பியவன் தம்பி. நாற்பத்து மூன்று வரிகளில் ஒன்றைக்கூட அவன் மிச்சம் வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் படித்துக் கருத்துச் சொல்லலாம். பொறுப்பில் இருக்க வேண்டியதில்லை.

அவர் இரண்டு நாள் படித்தார். இரண்டாம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. பேரே இல்லாத அடுக்கு வந்தா நீளம் பூஜ்யம். அதுல ஒண்ணக் கழிக்கிறான். பூஜ்யத்துல ஒண்ணக் கழிச்சா இதுக்கு மைனஸ் தெரியாது, கோடிக்கணக்குல ஒரு எண்ணா எடுத்துக்கும். மறுபடியும் அதே ஓட்ட."

"ஆமாண்ணே."

"மத்ததெல்லாம் சுத்தமா எழுதிருக்கான். ரொம்ப நல்லா எழுதிருக்கான்." கையைத் தட்டச்சுப் பலகையிலிருந்து எடுத்துவிட்டார். "மத்த நாலு பேரும் நல்லாப் படிக்கிறவங்கதான். அவங்களே பாத்துச் சொல்லிடுவாங்க. நான் எதுக்கு?"

"நீங்களே எழுதுங்கண்ணே" என்றேன்.

அவர் எழுதினார். பதினேழாவது வரி, நீளம் பூஜ்யமாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டு ஒற்றை வரி. எழுதி அழித்து எழுதி, கடைசியில் முதலில் எழுதியதையே அனுப்பினார். தன் பெயர் பக்கத்தில் தெரியும் என்பதால் வேறெதுவும் சேர்க்கவில்லை.

அன்றைக்கு அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மூன்றரை மணிக்குப் பதில் வந்தது. ஆங்கிலத்தில், அந்தப் பக்கத்தில் எல்லோரும் எல்லோருக்கும் எழுதுகிற அதே வாக்கியம். சரியாகக் கண்டுபிடித்தீர்கள், திருத்திவிட்டேன், பார்த்ததற்கு நன்றி.

"நன்றின்னு போட்டிருக்கான்" என்றார்.

அளவுகோலை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சாப்பாடு போட்டேன், ஃபீஸ் கட்டினேன், காய்ச்சல்ல தூக்கிட்டு ஓடினேன். ஒருநாள் எனக்கு அவன் நன்றி சொன்னதில்ல. சொல்றதுக்கு நான் என்ன வெளி ஆளா?"

கீழே யாரோ ஓர் எஞ்சினியர் திறக்காத கோப்போடு வந்திருப்பதாக முதலாளி கூப்பிட்டார். அவர் எழுந்து போனார். நான் அவர் திரையைப் பார்த்தேன். பதில் எழுதிய கையோடு தம்பி, தீர்ந்தது என்ற பொத்தானை அழுத்தியிருந்தான். அழுத்தினால் அந்தப் பக்கம் கேள்வியையும் பதிலையும் மடித்து ஒரே வரியாக ஆக்கிவிடும். மறுபடி படிக்க வேண்டுமென்றால் அதைத் தொட்டு விரிக்க வேண்டும்.

அவர் தினமும் ஒருமுறை விரித்துப் பார்க்கிறார். பிறகு மூடிவிட்டு வேலையைத் தொடங்குகிறார்.